உழைத்த உடம்பை உருவி விடுவது ஆடம்பரமா?

“உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல இருக்கிறது!”

ஷிப்டு முடிந்து ஆலை வாசலைத் தாண்டும் தொழிலாளி சொல்வது இதுதான். நடவு முடித்து வரப்பில் ஏறும் பெண் சொல்வதும் இதுதான். யாரும் கை நீட்டி அடிக்கவில்லை. ஆனாலும் எட்டு மணி நேரம் நின்ற காலும், குனிந்தே கிடந்த முதுகும், சுமை தாங்கிய தோளும் அடிபட்ட உடம்பைப் போலவே நோகின்றன.

இந்த வலியை நம் ஜனங்கள் வலியாகவே கணக்கில் எடுப்பதில்லை. “உழைக்கிற உடம்பு, வலிக்கத்தான் செய்யும்” என்று சொல்லிவிட்டு, பெட்டிக்கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள். ஆண்களில் சிலர் வலியை மறக்க மதுக்கடைக்குப் போகிறார்கள். மறுநாள் விடிந்ததும் அதே வலியோடு எழுந்து, அதே வேலைக்குப் போகிறார்கள். வருஷக் கணக்கில் இப்படியே ஓடுகிறது.

காசு செலவில்லாமல் இந்த வலியைத் தணிக்க ஒரு வழி நம்மிடம் இருக்கிறது. பிடித்து விடுவது, நீவி விடுவது, உருவி விடுவது என்று நாம் சொல்வதுதான் அது. நகரத்தில் அதையே மசாஜ் என்று பலகை மாட்டி விற்கிறார்கள். அது என்ன செய்யும், என்ன செய்யாது, எப்போது செய்யவே கூடாது என்பது உழைப்பாளி மக்கள் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இது யாருடைய கலை?

மசாஜ் என்றதும் பலருக்கு நினைவு வருவது குளிர்சாதன அறையும், மெல்லிய சங்கீதமும், வாசனைத் தைலமும்தான். அங்கே ஒரு மணி நேரத்துக்கு வாங்கும் கட்டணம், விவசாயத் தொழிலாளியின் பல நாள் கூலி. அதைப் பார்த்து, “இதெல்லாம் நமக்கு ஆகிற காரியமா?” என்று நாம் ஒதுங்கிக் கொள்கிறோம்.

ஆனால் இந்தக் கலை பணக்காரர் வீட்டில் பிறந்ததல்ல. சித்த வைத்தியத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பது வகையாக அதைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்த அறிவைத் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்துக் காப்பாற்றியவர்கள் யார்? சுளுக்கு வழிக்கும் கிழவர், பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்து விட்ட மருத்துவச்சி, நாவிதர் குலத்து வைத்தியர், வர்ம ஆசான் ஆகியோர்தான். இவர்களில் பலரை வீட்டு வாசற்படிக்கு வெளியே நிறுத்தி வைத்தார்கள். சுளுக்குப் பிடித்தபோது மட்டும் அவர்களுடைய கை தேவைப்பட்டது!

பிற நாடுகளிலும் இது சாமானியர்களின் தொழிலாகவே இருந்திருக்கிறது. ஜப்பானில் கண் பார்வையற்றவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் இதைக் கற்றுப் பிழைத்தார்கள். சீனத்திலும் பார்வையற்றோருக்கு இதில் முறையான பயிற்சி தரப்படுகிறது. ஸ்வீடன் நாட்டில் பெர் ஹென்றிக் லிங் என்பவர் 1813-ல் ஸ்டாக்ஹோமில் ஓர் உடற்பயிற்சிக் கழகம் தொடங்கினார். 19-ஆம் நூற்றாண்டில் ஹாலந்து டாக்டர் யோஹான் மெட்ஸ்கர், நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் என்று இதை ஒழுங்குபடுத்தினார். 1894-ல் லண்டனில் நான்கு நர்சுகள் சேர்ந்து, பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களுக்கு ஒரு சங்கம் அமைத்தார்கள். அந்தச் சங்கம்தான் வளர்ந்து இன்று பிரிட்டனின் பிசியோதெரபி சங்கமாக நிற்கிறது. பெரிய ஆஸ்பத்திரிகளில் இன்று நாம் பார்க்கும் பிசியோதெரபி, அதாவது இயன்முறை மருத்துவம், இப்படி நர்சுகளின் கையிலிருந்தும் வளர்ந்ததுதான்.

நம் பக்கம் ஒரு கசப்பான வரலாறும் உண்டு. பகலெல்லாம் வயலில் உழைத்த பண்ணையாள், இரவில் பண்ணையாரின் காலைப் பிடித்து விட்ட காலம் இருந்தது. வலி யாருக்கு? சுகம் யாருக்கு? “காலைப் பிடித்தான்” என்றால் மானம் கெட்டுக் கெஞ்சினான் என்று நம் பேச்சில் பொருள் வந்துவிட்டது. அடிமை ஆண்டைக்குச் செய்தால் அது அவமானம். உழைத்து வந்த ஒருவருக்கு உழைத்து வந்த இன்னொருவர் செய்தால் அதில் என்ன அவமானம் இருக்கிறது? அது ஒத்தாசை.

வலி எங்கிருந்து வருகிறது?

தசை வேலை செய்ய அதற்கு ரத்தம் ஓட வேண்டும். சுருங்கியும் விரிந்தும் வேலை செய்கிற தசைக்கு அது தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் ஒரே நிலையில் இறுகிக் கிடக்கும் தசை, தனக்குள் ஓடும் ரத்தக் குழாய்களைத் தானே நெருக்கிக் கொள்கிறது. அதனால்தான் நடப்பதைவிட நிற்பது அலுப்பு. மண்வெட்டியால் வெட்டுவதைவிட, மணிக்கணக்கில் குனிந்து நாற்று நடுவதும் களை எடுப்பதும் முதுகை வாட்டுகிறது. ஸ்பின்னிங்கில் அறுந்த இழையை ஒட்டுவதற்குக் கையை நீட்டி நீட்டித் தோள்பட்டை கல்லாகிறது. வைண்டிங்கில் நின்று நின்று கெண்டைக்கால் கனக்கிறது. மேஸ்திரி என்ன சொல்வாரோ என்ற பயமும், வீட்டுக் கடனைப் பற்றிய கவலையும் சேர்ந்தால் கழுத்தும் தாடையும் தாமாகவே இறுகுகின்றன. மனசின் பாரத்தையும் உடம்புதான் சுமக்கிறது.

இறுகிய இடத்தைக் கையால் நீவும்போது என்ன நடக்கிறது? குழந்தை முட்டியில் அடிபட்டு அழுதால் தாய் உடனே அந்த இடத்தைத் தேய்த்து விடுகிறாள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவள் அதைப் படிக்கவில்லை. கனடாவின் ரொனால்ட் மெல்சாக், பிரிட்டனின் பாட்ரிக் வால் என்ற இரு விஞ்ஞானிகள் 1965-ல் அதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். தொடுகையையும் அழுத்தத்தையும் எடுத்துச் செல்லும் தடித்த நரம்பிழைகள் வேறு. வலியை எடுத்துச் செல்லும் மெல்லிய நரம்பிழைகள் வேறு. தொடுகைச் செய்தி வந்து சேரும்போது, முதுகுத் தண்டில் வலிக்கு இருக்கும் ‘கதவு’ பாதி சாத்தப்படுகிறது என்பது அவர்களுடைய விளக்கத்தின் சாரம். பின்னால் வந்தவர்கள் அதில் பல திருத்தங்கள் செய்தாலும், தேய்த்தால் வலி குறைகிறது என்பது வெறும் நம்பிக்கையல்ல என்று அன்றைக்கே தெளிவாயிற்று.

மெதுவாக, ஒரே சீராக நீவி விடும்போது மனசின் படபடப்பு அடங்குகிறது. மூச்சு நிதானப்படுகிறது. தூக்கம் வருகிறது. உழைத்த உடம்பை மறுபடி கட்டி எழுப்புவது தூக்கம்தான். இரவு ஷிப்டு முடித்துப் பகலில் கண் மூட முடியாமல் புரளும் தொழிலாளிக்கு இந்த ஒரு லாபமே போதாதா?

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே தீர்த்துக் கொள்ள வேண்டும். “தேய்த்தால் கெட்ட ரத்தம் இறங்கும், தசையில் தேங்கிய அமிலம் வடியும்” என்று பலர் சொல்கிறார்கள். 2012-ல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 11 இளைஞர்களைக் களைக்கும்வரை சைக்கிள் மிதிக்கச் செய்து, ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிஷம் உருவி விட்டு, இரண்டு கால்களின் தசையையும் சோதித்தார்கள். லாக்டிக் அமிலத்தின் அளவில் வித்தியாசம் இல்லை. ஆனால் உருவி விட்ட காலில் அழற்சியின் அறிகுறிகள் குறைந்திருந்தன. சிறிய சோதனைதான்; என்றாலும் கை பட்ட தசையில் உண்மையான மாற்றம் உண்டு என்பதற்கு அது சான்று.

முதுகு வலிக்கு மசாஜ் பற்றிய 25 சோதனைகளை, மூவாயிரத்துக்கும் அதிகமானவர்களிடம் நடத்தப்பட்டவற்றை, ஒன்று சேர்த்து 2015-ல் கோக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு பரிசீலித்தது. கொஞ்ச காலத்துக்கு வலி குறைகிறது, பெரிய கெடுதல் இல்லை, நீண்ட காலப் பலன் உறுதியாகவில்லை, சோதனைகளின் தரமும் போதாது என்பது அதன் முடிவு. ஆகவே, “ஒரே தடவையில் நாள்பட்ட முதுகு வலி பறந்து விடும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்றைய வலி இன்று தணியும். நாளைக்கு மறுபடியும் செய்ய வேண்டும். சாப்பாட்டைப் போல!

எப்படிச் செய்வது?

இதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். ஒரு பாய், இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய், பத்து நிமிஷம் போதும். எண்ணெயைக் கை பொறுக்கும் அளவுக்கு லேசாகச் சூடு காட்டிக் கொள்ளுங்கள். பிடித்து விடுகிறவர் நகத்தை வெட்டி, கையைக் கழுவிக் கொள்ள வேண்டும். வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே வேண்டாம். வெந்நீரில் குளித்து முடித்த நேரம் மிகவும் தோதானது. தசை பாதி இளகியிருக்கும்.

முதலில் உள்ளங்கையை முழுதாக வைத்து மெதுவாக நீவ வேண்டும். காலானால் கணுக்காலிலிருந்து முழங்காலை நோக்கி, கீழிருந்து மேலாக நீவ வேண்டும். நாள் முழுதும் நின்றதால் கீழே தேங்கிய நீரை மேலே செலுத்த இது உதவும். அடுத்து, கெண்டைச் சதையை விரல்களுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே வைத்து, சப்பாத்தி மாவு பிசைவது போலப் பிசைய வேண்டும். கட்டி தட்டிய இடம் விரலுக்குத் தெரியும். அங்கே கட்டை விரலை வைத்துச் சின்ன வட்டமாக அழுத்தித் தேய்த்து, மூச்சை இழுத்து விடச் சொல்லுங்கள். முடிவில் மறுபடியும் நீவி விடுங்கள்.

முதுகில் கை வைக்கும்போது முதுகெலும்பின் மேல் அழுத்தாதீர்கள். அதன் இரு பக்கமும் ஓடும் சதையில்தான் கை போக வேண்டும். தோளும் கழுத்தும் சேரும் இடத்தைப் பிடித்துப் பிசைந்தால் தலைபாரமே இறங்கி விடும். அரிவாள் பிடித்த கைக்கு முன்கைச் சதையையும், கட்டை விரலின் அடிச் சதையையும் மறக்காதீர்கள்.

“வலி பொறுத்தால்தான் குணமாகும்” என்று பல்லைக் கடிக்க வைப்பது முரட்டுத்தனம். பிடிக்கும்போது சுகமான வலி இருக்கலாம். மூச்சைப் பிடிக்க வைக்கும் வலி, சுரீரென்று ஓடும் வலி, மரத்துப்போகும் உணர்வு ஆகியவை வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

பிடித்து விட ஆள் இல்லையா? ஒரு ரப்பர் பந்தைச் சுவருக்கும் முதுகுக்கும் நடுவே வைத்து மெல்லச் சாய்ந்து உருட்டுங்கள். உட்கார்ந்தபடி உள்ளங்காலின் கீழ் அதே பந்தை உருட்டினால் பாதவலி தணியும்.

கை வைக்கக் கூடாத நேரங்கள்

தோழர்களே, இந்தப் பகுதியைப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். எல்லா வலியும் உழைப்பு வலியல்ல. வேறு நோயின் வலியை அலுப்பு என்று எண்ணித் தேய்த்துக் கொண்டிருந்தால் உயிரே போகும்.

வயல் சேற்றில் வேலை செய்தவருக்குக் கடுமையான காய்ச்சலும், கெண்டைக்காலில் தொட முடியாத வலியும் சேர்ந்து வந்தால், கண் சிவந்தால், அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, காலில் உள்ள வெடிப்பு வழியாக அது உடம்பில் ஏறுகிறது. கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அதற்குத் தைலம் வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டும். சீக்கிரம் போனால் சாதாரண மருந்துகளிலேயே குணமாகும்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அதை அழுத்திப் பிசைந்தால் உறைகட்டி பெயர்ந்து நுரையீரலில் போய் அடைக்கும். கர்ப்பிணிகளும், பிள்ளை பெற்ற சில வாரங்களுக்குள் இருப்பவர்களும் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

நெஞ்சில் பாறாங்கல் வைத்தது போன்ற பாரம், தோளுக்கோ தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை ஆகியவற்றை “வாய்வுப் பிடிப்பு” என்று சொல்லித் தைலம் தேய்த்தே எத்தனை பேரை நாம் இழந்திருக்கிறோம்! அது மாரடைப்பு. தேய்க்காதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

முதுகு வலியோடு கால் மரத்து பலம் குறைந்தால், சிறுநீர் போவது தடைபட்டால் அல்லது அடக்க முடியாமல் போனால், அன்றே டாக்டரிடம் போக வேண்டும். அடிபட்டு வீங்கிய இடத்தில் எலும்பு முறிந்திருக்கலாம். எக்ஸ்ரே பார்க்காமல் வழிக்கக் கூடாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்குச் சூட்டு ஒத்தடம் வேண்டாம். சுடுவது தெரியாமலே தோல் வெந்து விடும். முடி வெட்டி முடிந்ததும் கழுத்தை வெடுக்கென்று திருப்பி நெட்டி முறிப்பதை விட்டு விடுங்கள். கழுத்தில் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு.

பாட்டிலும் மாத்திரையும்

உழைப்பாளியின் வலியை வைத்து ஒரு பெரிய வியாபாரமே நடக்கிறது. தைல விளம்பரத்தில் மனிதன் துள்ளி எழுந்து ஓடுகிறான். தைலத்தில் இருக்கும் மென்தாலும் கற்பூரமும் தோலுக்குக் குளிர்ச்சியும் எரிச்சலும் தந்து கவனத்தைத் திருப்புகின்றன. கொஞ்சம் ஆறுதல் உண்டு. ஆனால் பாதி வேலையைச் செய்வது தேய்க்கும் கைதான். அந்தக் கைக்கு விலை இல்லை என்பதால் அதற்கு விளம்பரமும் இல்லை!

மாத்திரை இன்னும் மோசம். டைக்ளோபெனாக், இபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகளைத் தினசரி விழுங்கினால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். வெயிலில் வியர்த்து நீர் வற்றிய உடம்புக்கு அது மேலும் கேடு. தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலியால் துடித்த பெண்களுக்கு லீவு கொடுக்காமல், பெயர் கூட எழுதாத மாத்திரைகளைக் கொடுத்து வேலை வாங்கிய சங்கதி 2019-ல் உலகப் பத்திரிகைகளில் அம்பலமானது. வலி என்பது உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை மணி. மணியின் நாக்கைக் கட்டி விட்டால் ஆபத்து போய் விடுமா?

வீட்டில் யாருடைய கை ஓய்கிறது?

இன்னொரு கேள்வியை ஆண் தோழர்களிடம் கேட்டே ஆக வேண்டும். உங்கள் வீட்டில் யார் யாருக்குப் பிடித்து விடுகிறார்கள்? வேலை முடிந்து வந்த கணவனுக்கு மனைவி முதுகு தேய்க்கிறாள். மாமியாருக்குக் கால் பிடிக்கிறாள். பிள்ளைக்கு எண்ணெய் நீவுகிறாள். அவளும் அன்று நடவுக்குப் போனவள்தானே? அவளும் அதே ஆலையில் நின்றவள்தானே? வந்ததும் அடுப்பைப் பற்ற வைத்து, தண்ணீர்க் குடம் தூக்கி, துணி துவைத்த அவளுடைய முதுகுக்கு எந்தக் கை வருகிறது?

ஊர்க் கூட்டத்தில் சமத்துவம் பேசிவிட்டு, வீட்டில் காலை நீட்டிப் படுப்பது என்ன நியாயம்? பத்து நிமிஷம் அவள் செய்தால், பத்து நிமிஷம் நீங்கள் செய்யுங்கள். ஆண்மை குறைந்து விடாது. வீட்டின் இறுக்கமும் சேர்ந்து இளகும்.

கை எட்டாத இடம்

கடைசியாக ஒன்று. எவ்வளவு உருவினாலும், மறுநாள் காலையில் அதே பாரம் ஏறுமானால் வலி திரும்பி வரத்தான் செய்யும். கசிகிற கூரைக்குக் கீழே பாத்திரம் வைப்பது போலத்தான் அது. பாத்திரம் அவசியம், கூரையைச் சரி செய்வது அதைவிட அவசியம்.

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும், நின்று வேலை செய்கிறவர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வேண்டும் என்று எழுதி வைத்தது. கடைச் சிப்பந்திகளுக்கு உட்காரும் உரிமையைத் தர 2021-ல் தமிழ்நாடு சட்டசபை தனியாகத் திருத்தம் கொண்டு வர வேண்டியிருந்தது. உட்காருவதற்கே ஒரு சட்டம்! 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா அதே சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றாக எதிர்த்து நின்ற பிறகு, மே தினத்தன்று அது வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது. அந்த நாலு மணி நேரத்தின் வலியை எந்தத் தைலம் தீர்த்திருக்கும்?

இருக்கை இல்லாத ஆலையில் இருக்கை கேளுங்கள். ஓய்வு நேரத்தை ஓய்வுக்கே வைத்துக் கொள்ளுங்கள். நடவிலும் களையெடுப்பிலும் மணிக்கொரு தடவை நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துப் பின்னால் சாய்ந்து எழ ஐந்து நிமிஷம் வேண்டும் என்று கூட்டாகச் சொல்லுங்கள். வாரக் கணக்கில் வலி நீடித்தால் பல்லைக் கடித்துக் கொண்டிருக்காதீர்கள். இ.எஸ்.ஐ. சந்தா உங்கள் கூலியிலிருந்து போகிறதென்றால் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி உங்களுடையது. இயன்முறை வைத்தியம் கேளுங்கள். சர்க்கார் சித்த மருத்துவப் பிரிவில் தொக்கணம் உண்டா என்று விசாரியுங்கள். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் சேர்க்கப்பட்டது. உரிமையை அறியாதவன் வாசலில் உரிமை தானாக வந்து நிற்காது.

உழைக்கும் மக்களுக்குச் சொத்து என்று இருப்பது இந்த உடம்பு ஒன்றுதான். அதைப் பேணுவது ஆடம்பரமல்ல. இன்று ராத்திரியே எண்ணெய்க் கிண்ணத்தை எடுங்கள். பிடித்து விடுங்கள், பிடித்து விடச் சொல்லுங்கள். நாளைக் காலையில், வலிக்குக் காரணமானதை மாற்ற அதே கைகளைச் சேர்த்துக் கொள்ளுங்கள்!